அலமாரி மேல் ஒரு பழைய போன்

பழைய பொருள் எதையும் தூக்கிப்போட மனம் வராதவன் என் தம்பி. அடையாறில் அவன் வீட்டுக்குப் போனால், கழித்துக்கட்டிய செல்போன்கள் எல்லாம் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று சமையலறையில் பாட்டுப் பாடும். ஒன்று காரின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சாலையைப் படம் பிடிக்கும். இன்னொன்றை டிவி ரிமோட்டாக மாற்றி வைத்திருந்தான். யாராவது புதுப் போன் வாங்கினால், பழையதைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், அதை வைத்து என்னென்ன செய்யலாம் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவான். கெட்டிக்காரன்தான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றும் வாய் கசக்கிறது.

அம்மாவும் நானும் மந்தைவெளியில் ஒரு அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தி.நகரில் ஒரு சிறிய பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோயின. பேச்சு நாலைந்து சொற்களாகச் சுருங்கிவிட்டது. வா, போ, வேணாம், எங்க. இவற்றோடு என் பெயரில் பாதி. மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்தபோது, சாப்பாட்டைக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும், உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, விழுங்குவதில் கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் மாதம் முழுக்க நான் வேலைக்குப் போகவில்லை. பிறகு வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே திருத்திக் கொடுப்பது என்று முதலாளியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

அந்த மூன்று நாள்களுக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள கடற்கரையோர நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் தெருவில் வருஷக்கணக்காக மீன் கொண்டுவந்து விற்றவள்தான். முழங்கால் வலியால் கூடை தூக்க முடியாமல் போனபோது, வீட்டு வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். ஆள் தாட்டியாக இருப்பாள். அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகும். அவள் "வா பெரிம்மா, டான்ஸ் ஆடலாம்" என்று இரண்டு கைகளையும் அம்மாவின் அக்குளுக்குள் கொடுத்து ஒரே தூக்கில் உட்காரவைத்துவிடுவாள். அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னுவாள். காலையில் வலையில் என்ன மீன் விழுந்தது, யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று குப்பத்துச் சேதி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்வாள். அம்மா பதில் சொல்ல மாட்டாள். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது முகத்தில் தெரியும்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தான். அடையாறிலிருந்து மந்தைவெளிக்கு எவ்வளவு தூரம்? பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம். காரில் இருபது நிமிடம். வந்து அம்மாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அவன் மனைவி கொடுத்தனுப்பிய பழமோ பாயசமோ கொண்டுவருவான். அவன் வருகிற நாளில் அம்மா காலையிலிருந்தே வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் தன் பழைய போன் ஒன்றை எடுத்து வந்தான். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மற்றபடி நன்றாக வேலை செய்தது. ரங்கநாதன் தெருவில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் பிடியையும் கருப்பு டேப்பையும் கொண்டுவந்திருந்தான். அம்மாவின் கட்டிலுக்கு எதிரே இருந்த மர அலமாரியின் மேல் அதை நிறுத்தி, சார்ஜர் ஒயரைச் சுவரோடு ஒட்டி, அலமாரிக்குப் பின்னால் கீழே இறக்கினான். ஒரு ஆப் போட்டிருப்பதாகச் சொன்னான். இனி இந்த அறையை எங்கிருந்து வேண்டுமானாலும் அவன் போனிலும் என் போனிலும் பார்க்கலாம். ஆள் அசைந்தால் தானாகப் பதிவாகும். அந்தப் பதிவு சில நாள்கள் இருந்துவிட்டு அழிந்துபோகும். பார்ப்பது மட்டுமில்லை, பேசவும் பேசலாம்.

"நீ ஆபீஸ்ல நிம்மதியா இருக்கலாம்க்கா. காசு குடுத்து கேமரா வாங்கணும்னு அவசியமே இல்ல" என்றான்.

பிறகு வெளியே படிக்கட்டுக்குப் போய் அங்கிருந்து பேசினான். அலமாரி மேலிருந்து, "அம்மா, நான் பேசறது கேக்குதா?" என்று அவன் குரல் வந்தது. அம்மா திடுக்கிட்டாள். அப்புறம் விஷயம் புரிந்து, வாயின் இடது பக்கத்தால் சிரித்தாள். மருத்துவமனையிலிருந்து வந்தபின் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தம்பியின் தோளைத் தட்டிக் கொடுத்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

அந்தப் பெண் திங்கட்கிழமை வந்ததும் முதலில் கவனித்தது அதைத்தான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாக்கா அது? நாள் பூரா நம்மளயே பாத்துக்கினு கீதா?"

அம்மாவைப் பார்க்கத்தான் என்றேன்.  அவள், தான் புடவை மாற்றுவதானால் பாத்ரூமுக்குள் போய்விடுவதாகவும், அம்மாவுக்குத் துணி மாற்றும்போது அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவதாகவும் சொன்னாள். அது சரியென்றே எனக்கும் பட்டது. அம்மாவுக்கு உடம்பு துடைக்கிற நேரத்தில் மகன் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. அவளுக்கு வந்தது.

முதல் சில வாரங்கள் நானும் பார்த்தேன். மெய்ப்புத் தாள்களுக்கு நடுவில் போனைத் திறந்தால் அம்மா தூங்குவது தெரியும். அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள், நாற்காலியில் காலை நீட்டி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்றெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்ததும், "மத்தியானம் நல்லா தூங்கிட்டபோல" என்று சிரித்தபடி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. காலையில் நாலு மணிக்கு எழுந்ததாகச் சொன்னாள். அப்புறம் நான் கவனிப்பதைக் குறைத்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால் எனக்கு அலுத்துப்போயிற்று.

தம்பிக்கு அலுக்கவில்லை. அவன் அலுவலகத்தில் வேலைக்கு நடுவே ஒரு ஜன்னலில் எங்கள் அறை எப்போதும் திறந்தே கிடந்தது. பத்து மணிக்கு, "அம்மாவுக்கு மாத்திரை குடுத்தாச்சா?" என்று அலமாரி கேட்கும். மத்தியானம், "ஃபேன் வேகம் ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லும். நான் வீட்டில் இருக்கிற நாள்களிலும் அதேதான். ஒருமுறை நான் அம்மாவோடு எரிச்சலாகப் பேசிவிட்டேன். மூன்றாவது முறையாக ஈரமான படுக்கையை மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. "அக்கா, கொஞ்சம் பொறுமையா" என்றது குரல். நான் ஈர விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தபடி நின்றேன்.  அவன் சொன்னது தவறும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகைகள் மெல்லக் குறைந்தன. முதலில் மழை என்றான். பிறகு பிள்ளைகளின் பரீட்சை. பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டான். நான் ஒருநாள் கேட்டபோது, ரொம்ப இயல்பாக, "தினமும் பாத்துட்டுதானேக்கா இருக்கேன்" என்றான். அத்தைகள், சித்தப்பாக்கள் எல்லாரும் இருக்கிற குடும்ப வாட்ஸாப் குழுவிலும் அப்படித்தான் எழுதினான். வேலை எவ்வளவு இருந்தாலும் அம்மாவை ஒருநாளும் பார்க்காமல் இருப்பதில்லை என்று. அத்தை கைகூப்பும் பொம்மைகள் போட்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று எழுதியிருந்தாள். அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி வாசல் பக்கம் திரும்பிப் படுத்தாள். அலமாரியிலிருந்து அவன் கூப்பிட்டால் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை நான் தி.நகரில் அலுவலகத்தில் இருந்தேன். மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். தம்பி கூப்பிட்டான். மூச்சு வாங்கப் பேசினான். அந்தப் பொம்பளை அம்மாவுக்கு மீன் கொடுத்துப் புரையேறிவிட்டது, அம்மா செத்துப்போகிற மாதிரி ஆகிவிட்டது, நீ உடனே வீட்டுக்குப் போ, அவளை வெளியே அனுப்பு. அவனுக்கு முக்கியமான மீட்டிங் இருந்தது. அவனால் நகர முடியாது.

நான் ஆட்டோவில் ஏறினேன்.  தேனாம்பேட்டை சிக்னலில் நிற்கும்போது ஆப்பைத் திறந்து, பதிவானதைப் போட்டுப் பார்த்தேன்.

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் துண்டு. அந்தப் பெண் தன் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு மீனை எடுக்கிறாள். "வவ்வா மீனு பெரிம்மா, முள்ளே கெடையாது" என்கிறாள். விரலால் நசுக்கி நசுக்கிப் பார்க்கிறாள். அம்மாவின் குழைந்த ரசம் சாதத்தில் போட்டுப் பிசைகிறாள். ஒரு வாய். அம்மா மெல்ல மென்று விழுங்குகிறாள். அடுத்த வாய்க்கு அம்மாவே வாயைத் திறக்கிறாள். வியாதி வருவதற்கு முன் மீன் இல்லாமல் சாப்பிடாதவள் அம்மா. நான் அதைச் சமைத்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. மூன்றாவது வாய். அது அம்மாவின் வாய்க்குள் இருக்கும்போதுதான் தம்பியின் குரல் வருகிறது.

"ஏய், என்ன குடுக்கறே அது? மீனா? யாரைக் கேட்டுக் குடுக்கறே?"

அப்படி ஒரு கத்தல். அம்மாவின் உடம்பு தூக்கிப்போடுகிறது. தலையை வெடுக்கென்று அலமாரி பக்கம் திருப்புகிறாள். இருமல் வருகிறது. முகம் சிவக்கிறது. அந்தப் பெண் தட்டைக் கீழே போட்டுவிட்டு அம்மாவை முன்பக்கம் சாய்த்துப் பிடிக்கிறாள். முதுகில் தட்டுகிறாள், வாய்க்குள் விரலை விட்டு எடுக்கிறாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சோறு வெளியே வந்து விழுகிறது. அம்மா மூச்சு விடுகிறாள். அவ்வளவு நேரமும் அலமாரி மேலிருந்து கத்தல் நிற்கவே இல்லை.

இதை நான் ஆட்டோவில் இரண்டு முறை பார்த்தேன். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்று வாய்க்குமே ஒன்றும் ஆகியிருக்காது. கத்தினதால்தான் ஆனது.

ராதாகிருஷ்ணன் சாலைக்கு வருவதற்குள் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்துவிட்டது. தம்பிதான் போட்டிருந்தான். அதில் அவள் மீனைப் பிசைந்து மூன்றாவது வாய் கொடுப்பது இருந்தது. அடுத்து அம்மா இருமுவதும், முகம் சிவப்பதும். அதோடு முடிந்துவிட்டது. வீடியோவில் சத்தம் இல்லை. சத்தத்தை எடுத்துவிட்டிருந்தான். கீழே, இவளை நம்பித்தான் அம்மாவை விட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தான். போலீசில் சொல்ல வேண்டும் என்று ஒருவர் எழுதினார். குப்பத்திலிருந்து ஆள் வைத்தால் இப்படித்தான் என்று இன்னொருவர் எழுதினார். உன் அக்கா எங்கே போயிருந்தாள் என்று கேட்டாள் ஒரு சித்தி.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இப்போது யோசித்தால் அதுதான் காரணம் என்று தோன்றுகிறது. அவர்களுக்குத் தவறு செய்தவள் ஒருத்தி வேண்டும். அந்தப் பெண் இல்லையென்றால் அடுத்து நான். நடந்ததைச் சொன்னால் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிறகு அம்மாவுக்கான வேலை ஒவ்வொன்றையும் நான் தனியாகச் செய்ய வேண்டும். ஏற்கெனவே தனியாகத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்குள் போனபோது அம்மா கட்டிலில் இருந்தாள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானையின் ஒரு நுனியை அம்மா இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு அவளிடம், இனிமேல் வர வேண்டாம் என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. நான் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

அவள் எழுந்திருக்கவில்லை. அலமாரியைக் காட்டினாள்.

"மீனு குட்த்தது தப்புதான்க்கா. உன்னாண்ட கேட்ருக்கணும். ஆனா அதுல எல்லாம் கீதில்ல? நீ பாத்தியா, இல்லியா? பாத்தேன்னா நீயே சொல்லு, அது எப்டி ஆச்சுன்னு."

பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. தம்பி ரொம்பப் பயந்துவிட்டான், அதனால்தான் என்று ஏதோ முனகினேன். அந்தப் பேச்சும் அலமாரி மேல் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பிலேயே வார்த்தைகளைப் பொறுக்கினேன்.  அவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக முந்தானையிலிருந்து விடுவித்தாள். டிபன் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். தரையில் சிந்திய சோற்றை நான் வருவதற்கு முன்பே துடைத்திருந்தாள்.

அடுத்து ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வந்தது. சீருடை போட்ட இளம்பெண். அலமாரியைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தாள். அம்மாவோடு ஒரு வார்த்தை பேச மாட்டாள். மூன்று வாரத்தில் போய்விட்டாள். பிறகு இன்னொருத்தி. பிறகு மூன்றாவதாக ஒரு ஆள், பிறகு யாரும் இல்லாத பத்து நாள்கள். அம்மா ஒவ்வொரு காலையும் வாசலைப் பார்த்து "எங்க?" என்பாள். வருவாள் என்பேன். அம்மா சாப்பிடுவது குறைந்துகொண்டே போனது. நானே பொரித்த மீனைக் கொடுத்துப் பார்த்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்த அறையில் எனக்கு அதற்குத் தைரியம் இல்லை.

மார்கழியில் ஒருநாள் அறையைப் பெருக்கும்போது, அலமாரி மேலிருந்த போனின் முதுகு உப்பியிருப்பதைக் கவனித்தேன். பேட்டரி வீங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தது. மாதக்கணக்கில் சார்ஜிலேயே கிடந்த பழைய போன் வேறு எப்படி இருக்கும்? வெடித்துவிடுமோ என்று பயந்து ஒயரைப் பிடுங்கினேன், போனை அணைத்து பால்கனியில் ஒரு மண் சட்டியில் வைத்தேன். தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று என் போனை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். அவனே கேட்கட்டும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நான் ஒரு கெட்ட சந்தோஷத்தோடு நாள்களை எண்ணினேன். ஐந்தாம் நாள் குடும்பக் குழுவில் அத்தை அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்தாள். தம்பி பதில் போட்டான்: "நல்லா இருக்காங்க அத்தை. இப்பதான் பாத்தேன். தூங்கறாங்க." அந்த நேரத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் கூப்பிட்டான். கேமரா ஏதோ ஆஃப் ஆகியிருக்கிற மாதிரி இருக்கிறதே என்றான்.

"பதினோரு நாளாச்சு" என்றேன்.

 மன்னிப்புக் கேட்பான் என்றோ சண்டை போடுவான் என்றோ எதிர்பார்த்தேன். "வேற ஒரு போன் சும்மாதான் கெடக்கு. தரேன்" என்றான். சரி, அதைக் கொடுக்கவாவது வருவான் என்று நினைத்தேன். மறுநாள் காலை மஞ்சள் சட்டை போட்ட டெலிவரிக்காரர் ஒருவர் படியேறி வந்தார். செய்தித்தாளில் சுற்றிய போனை என் கையில் கொடுத்து, நம்பர் கேட்டுச் சரிபார்த்துவிட்டுப் போனார். நான் அதைப் பிரிக்கவே இல்லை. அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் போட்டேன். ஏன் மாட்டவில்லை என்று தம்பியும் கேட்கவில்லை.

தை மாதத்தில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தாள். தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆறு நாளும் அவன் வந்தான். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நடிப்பில்லை. அவன் நிஜமாகவே அம்மாவைத் தினமும் பார்த்ததாக நம்பியிருந்தான் என்று நினைக்கிறேன். ஏழாம் நாள் விடிந்ததும் அம்மா போய்விட்டாள். காரியங்கள் எல்லாவற்றையும் அவன்தான் முன்னால் நின்று செய்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாயே என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு ஒரு காலையில் நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். அவள் மறுபடி மீன் விற்கிறாள் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சாலையோரம் ஒரு குடைக்குக் கீழே பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறவில்லை. பக்கத்திலிருந்த கூடையை நகர்த்தி உட்காரச் சொன்னாள். அம்மா போய்விட்டாள் என்று சொன்னேன்.

"தெரியும்க்கா. அன்னிக்கி வந்தேன். உன் தம்பி வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு. சரி, இன்னாத்துக்குன்னு தெருமுனையோட திரும்பிட்டேன். பெரிம்மா வண்டி போச்சொல்லோ பாத்தேன்."

அவளிடம் மீன் கேட்டு இரண்டு பேர் வந்து போனார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் எல்லாவற்றையும் பார்த்தேன். உன் மேல் தப்பில்லை. அவன் கத்தினதால்தான் அம்மாவுக்குப் புரையேறியது. இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அவள் கத்தியைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

"அதெ எனக்கு எதுக்குக்கா சொல்ற?" என்றாள். "நான் அங்கதான இருந்தேன். எனக்குத் தெரியாதா? உன் வூட்டு ஆளுங்களுக்குல்ல நீ சொல்லணும்."

கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்வதுபோலச் சொன்னாள்.   கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாந்தோம் வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அன்று மத்தியானம் ஆப்பைத் திறந்து அந்த வியாழக்கிழமைப் பதிவைத் தேடினேன். அது எப்போதோ அழிந்திருந்தது. சத்தமில்லாத வீடியோ மட்டும் குடும்பக் குழுவில் பத்திரமாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, அதற்குக் கீழே எழுதினேன். நடந்ததை நடந்தபடி, ஒரு சொல் கூட்டாமல். இந்த வீடியோவில் சத்தம் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சத்தம் தம்பியுடையது. அதைக் கேட்டு அதிர்ந்துதான் அம்மாவுக்குப் புரையேறியது. அம்மாவைக் காப்பாற்றியது அந்தப் பெண். எனக்கு இது அன்றே தெரியும், நான் சொல்லவில்லை. மெய்ப்புத் திருத்துகிறவள் என்பதால் இரண்டு முறை படித்துப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினேன்.

எல்லாரும் படித்துவிட்டதைக் காட்டும் நீலக் குறிகள் வந்தன. யாரும் ஒன்றும் எழுதவில்லை. சாயங்காலம் சித்தப்பா ஒருவர், மனசை அமைதிப்படுத்திக்கொள், இந்த நேரத்தில் இப்படியெல்லாம் தோன்றும் என்று எனக்கு மட்டும் தனியாக எழுதினார். மறுநாள் காலையில் அத்தை ரோஜாப்பூப் படத்தோடு குட்மார்னிங் போட்டாள். அதற்கு ஏழெட்டுப் பேர் பதில் குட்மார்னிங் போட்டார்கள். நான் எழுதியது மேலே மேலே போய்க் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது.

தம்பி இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது.

"இப்ப எதுக்குக்கா இது?"

முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவன் சத்தத்தை ஏன் எடுத்தான் என்று கேட்டேன். கத்தினது கேட்க நன்றாக இருக்காது என்றுதான் எடுத்தேன், வேறு எண்ணம் எதுவும் இல்லை என்றான். அதுவும் உண்மையாக இருக்கலாம். தன் குரல் தனக்கே கேட்கச் சகிக்கவில்லை என்றும் சொன்னான். பிறகு இருவரும் போனை வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு நாங்கள் பேசுவது சொத்து வரி, இறப்புச் சான்றிதழ் போன்ற விஷயங்களுக்காகத்தான்.

குழுவில் சொல்லிவிட்டேன் என்பதை அவளிடம் போய்ச் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். மீன் வாங்கப் போகிற சாக்கில் போகலாம். ஆனால் போய் நின்றால், சொல்லிவிட்டாயா, நல்லது என்று அவள் வாயிலிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்பேன். அதை அவளிடம் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இன்றுவரை போகவில்லை.